விளக்கைத் தாழ்த்துவது

எதிரே வண்டி வந்தால் நம் விளக்கைத் தாழ்த்த வேண்டும். ஒரு விரல் அசைந்தால் போதும். ஒரு மனிதன் இன்னொரு மனிதனுக்குச் செய்யக்கூடிய மிகச் சிறிய உதவி அதுதான் என்று நான் பல முறை சொல்லியிருக்கிறேன். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஒரு தடவை இதையே சொன்னேன். எதிரே வருகிறவன் யாரென்றே தெரியாது, இருந்தும் அவன் கண் கூசக்கூடாது என்று நினைக்கிறோமே, அன்பு என்பது அங்கேதான் தொடங்குகிறது என்றேன். பிள்ளைகளுக்குப் புரிந்ததா தெரியவில்லை. பாஸ்டர் தலையை ஆட்டினார்.

மாரென், நடந்ததை நடந்தபடி எழுதச் சொல்லி மஞ்சள் தாளும் பேனாவும் கொடுத்தீர்கள். விசாரணைக்கு வந்த எனக்கு உங்கள் ஷெரீஃப் போலீஸ் அலுவலகத்தில் காபி கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அதற்கு நன்றி. நீங்கள் கேட்டது இரண்டே கேள்வி. டாரில் ஃபோஸின் பழைய பல்புகள் என் அலமாரிக்கு எப்படி வந்தன என்பது ஒன்று. இன்னொன்றுக்குக் கடைசியில் வருகிறேன்.

டாரில் அந்தச் சிவப்பு பிக்கப்பை ஃபார்கோ நகரத்து ஏலத்தில் எடுத்தான். பழைய வண்டி. விளக்குக் கண்ணாடி மஞ்சள் பூத்து, வெளிச்சம் மங்கலாக இருந்தது. கண்ணாடியைத் தேய்த்துச் சுத்தம் செய்திருந்தாலே போதும். அவன் தபாலில் எல்இடி பல்பு இரண்டு வரவழைத்துத் தானே மாட்டிக்கொண்டான். அதன் பிறகு பதினோராம் கவுண்டிச் சாலையில் அவன் வருவது ஒரு மைலுக்கு அப்பாலேயே தெரியும். நாம் விளக்கை அணைத்து எரித்து சைகை காட்டினாலும் அவன் தாழ்த்த மாட்டான். தாழ்த்திய விளக்கே அப்படித்தான் இருந்தது என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

போன ஆண்டு அக்டோபரில், பாடகர் குழுப் பயிற்சி முடிந்து என் மனைவி வெர்னா வீட்டுக்கு வந்துகொண்டிருந்தாள். மணி ஆறரைதான். எதிரே அந்த வெளிச்சம் வந்தது. அவள் ஓரம் ஒதுங்கினாள், சக்கரம் சரளையில் இறங்கியது, கார் பள்ளத்தில் சாய்ந்தது. இடுப்பு எலும்பு முறிந்தது. டாரில் நிற்கவில்லை.

அந்த வாரம் காபிக் கடையில் அவன் பேசியதை நான் அடுத்த மேசையிலிருந்து கேட்டேன்.

"கெழவிங்களுக்கு இருட்டினப்புறம் என்ன வேலை ரோட்ல? என் வெளிச்சமா தள்ளிவிட்டுச்சு? கண்ணாடி மாத்தச் சொல்லுங்கப்பா மொதல்ல." பிறகு என்னைப் பார்த்துவிட்டான். "என்ன பெரிசு, தப்பா எடுத்துக்காத. சும்மா சொன்னேன்."

நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. காபியைக் குடித்துவிட்டு வந்தேன்.

வெர்னா நான்கு மாதம் படுக்கையில் இருந்தாள். அந்த நான்கு மாதமும் டாரிலின் மனைவி லோயிஸ் வாரத்துக்கு இரண்டு நாள் வந்தாள். உருளைக்கிழங்கும் இறைச்சியும் போட்டு அடுப்பில் வேகவைத்த பாத்திரத்தைத் துண்டில் சுற்றிக் கொண்டுவருவாள். கட்டிலோரம் அகலப் பாத்திரத்தை வைத்து வெர்னாவின் தலையை அலசிவிடுவாள். முதல் நாளே கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்று சொன்னாள்:

"எங்க வண்டி வெளிச்சம்தான்னு எனக்குத் தெரியும். அவரு ஒத்துக்க மாட்டாரு. அவருக்கும் சேத்து நான் கேக்குறேன், மன்னிச்சிடுங்க."

வெர்னா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எல்லாம் விடு. அந்தக் கோட்டக் கழட்டிட்டு உக்காரு," என்றாள்.

அன்று மாலை வெர்னா என்னிடம் சொன்னாள். "ஆர்லன், உனக்குத்தான் அந்த வேலை தெரியுமே. அவன் வெளக்கச் சரி பண்ணிக் குடேன். மனசுக்குள்ள திட்டிக்கிட்டே இருக்கறதுக்கு அது எவ்வளவோ மேல்."

"செய்யறேன்," என்றேன். நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன் என்பதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். பிப்ரவரியில் வெர்னாவின் நுரையீரலில் சளி கட்டியது. அவளைப் புதைத்த அன்று தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் நடந்த சாப்பாட்டில் டாரில் பன்றி இறைச்சி வைத்த ரொட்டி மூன்று சாப்பிட்டான். நான் வேண்டுமென்று எண்ணவில்லை. கண்ணில் பட்டது.

இந்த நவம்பரில் நீங்கள்தான் டாரிலை நிறுத்தி, விளக்கைச் சரிசெய்யச் சொல்லி எச்சரிக்கைச் சீட்டு கொடுத்தீர்கள். லோயிஸ் அவனை என்னிடம் விரட்டியிருக்கிறாள். என் கொட்டகை முன்னால் வண்டியை நிறுத்திவிட்டு, இறங்காமலே கத்தினான்.

"பெரிசு, உள்ள இருக்கியா? இந்த வெளக்கு பேய் புடிச்ச மாதிரி துடிக்குது. ரேடியோ போட்டா தேனீ கூட்டத்துல தலைய விட்ட மாதிரி இரையுது. பல்பு போச்சு பல்பு போச்சுன்னு வண்டி வேற கெடந்து புலம்புது. பல்பு நல்லாத்தானே எரியுது? அதுக்குக் கண்ணு தெரியலயா?"

நான் டிராக்டர் கடையில் முப்பத்தாறு வருஷம் மின்வேலை பார்த்தவன். ஒவ்வொன்றாகப் பார்த்தேன். புதிய பல்பு கொஞ்சம்தான் மின்சாரம் இழுக்கும். வண்டியின் கணினி பழைய கணக்கையே வைத்துக்கொண்டு, பல்பு போய்விட்டது என்று நினைத்து விட்டுவிட்டு மின்சாரம் அனுப்பிச் சோதிக்கும். துடிப்பும் மஞ்சள் எச்சரிக்கையும் அதனால்தான். இடையில் ஒரு சின்னப் பெட்டியை இணைத்தேன், இரண்டும் நின்றன. தரைக்கம்பியின் போல்ட் துருப்பிடித்திருந்தது. உலோகம் பளபளக்கும்வரை சுரண்டி இறுக்கி, பல்பு வயரில் ஒரு காந்த வளையத்தை மாட்டினேன். ரேடியோவும் அடங்கியது.

நான்காவது கோளாறை டாரில் சொல்லவில்லை. எதிரே வருகிறவர்களுக்கு மட்டும் தெரிகிற கோளாறு அது. அந்தப் பல்பில் வெளிச்சம் தருகிற பட்டைகள் இடமும் வலமும் பார்க்க வேண்டும். அவன் மேலும் கீழும் பார்க்கும்படி மாட்டியிருந்தான். கால் வட்டம் திருப்பிப் பூட்டினேன். கொட்டகைச் சுவரிலிருந்து இருபத்தைந்து அடி தள்ளி வண்டியை நிறுத்தி, விளக்கின் உயரத்தைச் சுவரில் டேப் ஒட்டிக் குறித்து, திருகைத் திருப்பி ஒளியைத் தாழ்த்தினேன். வெளிச்சம் கோடு கிழித்ததுபோல் நின்றது.

டாரில் சுவரைப் பார்த்தான். "அட, ஒரு கால் திருகு! இதுக்குத்தானா ஊரே என்னப் பாத்துக் காறித் துப்புச்சு?"

"ஆமா," என்றேன். "கால் திருகுதான்."

அவன் சிரித்தான். வெர்னா போனதும் அந்தக் கால் திருகால்தான் என்று எனக்குத் தோன்றியது.

பிறகு அவன் கேட்டான். "பழைய பல்பு ரெண்டும் சீட்டுக்குப் பின்னால பொட்டியில கெடக்கு. குளிர்காலத்துக்கு அதையே திருப்பிப் போட்டுடலாம்னு லோயிஸ் சொல்றா. யாரோ என்னமோ சொன்னாங்களாம். போடணுமா?"

"எதுக்கு? இப்ப நல்லாத்தானே எரியுது," என்றேன்.

"அதத்தான் நானும் சொன்னேன். பொம்பளைங்களுக்குப் பயம்." வண்டியின் மூக்கில் ஒரு தட்டுத் தட்டினான். "பனி விழுந்துட்டா அவளோட சின்ன கார நான் எடுக்க விடறதில்ல. இதத்தான் குடுப்பேன். நாலு சக்கரமும் இழுக்கும் பாரு. அவ போற எடம்தான் ஒனக்குத் தெரியுமே, ஊர்ல யாருக்கு மூக்கு ஒழுகினாலும் ஓடுவா."

அவன் கை கழுவ உள்ளே போனபோது, சீட்டுக்குப் பின்னாலிருந்த பெட்டியை எடுத்து என் அலமாரியில் வைத்தேன். மேலே 'ஃபோஸ், சிவப்பு வண்டி' என்று எழுதினேன். பிறர் பொருளைத் தூக்கி எறியும் பழக்கம் எனக்கு இல்லை. நீங்கள் அதைக் கண்டுபிடித்ததாகச் சொல்ல முடியாது, மாரென். அது ஒளித்துவைத்த பொருளல்ல.

லோயிஸிடம் யாரோ சொன்னது உண்மைதான். பழைய பல்பு கையைப் பொசுக்கும். அந்தச் சூடு கண்ணாடியில் விழுகிற பனியை உருக்கிவிடும். புதிய பல்பின் சூடெல்லாம் பின்பக்கம் போய்விடும், முன்கண்ணாடி குளிர்ந்தே இருக்கும். ஈரப்பனி காற்றோடு வந்தால் ஐந்தாறு மைலுக்குள் கண்ணாடி பனிக்கட்டி கட்டிக்கொள்ளும். விளக்கு மங்குகிறது என்று ஓட்டுகிறவருக்குத் தோன்றாது. பனி அடர்ந்துவிட்டது என்றுதான் தோன்றும். அதே வாரம் பாஸ்டரின் காரில் நானே அவருடைய பழைய பல்புகளைத் திரும்ப மாட்டிக் கொடுத்தேன். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவரிடம் அடிக்கடி நிறுத்தித் துடைக்கச் சொன்னேன். உங்கள் ரோந்து வண்டிக்கு நீளக் கைப்பிடி போட்ட தூரிகை ஒன்று கொடுத்தேன், இன்னும் வைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஆகவே எனக்குத் தெரியாது என்று நான் சொல்லப்போவதில்லை.

டாரில்மேல் கோபத்தில் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். அவனுக்கு ஒரு தீங்கும் வரக்கூடாது என்றே நினைத்தேன். அவன் நெடுங்காலம் நல்ல உடம்போடு இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு ஞாயிறும் பெயர் சொல்லி ஜெபித்திருக்கிறேன். இரண்டு தட்டு வைத்த மேசையில் ஒரு தட்டு வைத்து உட்காருவது என்னவென்று அவனுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். அதற்கு அவன் உயிரோடு இருந்தாக வேண்டுமே.

டிசம்பர் இரண்டாம் புதன்கிழமை. மதியத்திலிருந்தே ரேடியோவில் எச்சரிக்கை. முதலில் ஈரப்பனி, பிறகு வடமேற்குக் காற்று, பிறகு கடுங்குளிர். ஆறு மணி வாக்கில் வெளியே ஒன்றும் தெரியாது என்றார்கள். நாலே முக்காலுக்கு லோயிஸை ஃபோனில் கூப்பிட்டேன்.

"நெஞ்சுல ஏதோ அடைக்கிற மாதிரி இருக்கு, லோயிஸ். பெரிசா ஒண்ணும் இல்ல. காலையிலேர்ந்து சாப்பிடல, அதனால இருக்கும்."

"காலையிலேர்ந்தா? மனுஷன் செய்யற வேலையா இது! இருங்க, சூப் அடுப்புல இருக்கு. டாரில் மாட்டுக்குத் தண்ணி உறையாம பாக்கப் போயிருக்காரு, அவரு வர்ற வரைக்கும் காத்திருக்க முடியாது, நானே வர்றேன்."

"பனி ஜாஸ்தியாகுதே," என்றேன். இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

"ஏழு மைலுதானே. நீங்க வெளக்க சரிபண்ணிக் குடுத்தப்புறம் எனக்கு பயமே இல்ல, ஆர்லன். முன்னாடி எதுத்தாப்ல யாராவது வந்தா நான் வெக்கத்துல தலையக் குனிஞ்சுக்குவேன். இப்ப எல்லாரும் ஒரு வெரலத் தூக்கி வணக்கம் சொல்றாங்க."

அதற்குமேல் நடந்தது எனக்கு நீங்கள் சொல்லித்தான் தெரியும். வழியில் நான்கு இடத்தில் வண்டியை நிறுத்தியிருக்கிறாள். காரணத்தை அவளே கண்டுபிடித்து, கை உறையால் கண்ணாடியைத் துடைத்திருக்கிறாள். உறை நனைந்து கல்லாகியிருந்தது என்றீர்கள். அவ்வளவு புத்திசாலி என்று நான் நினைத்திருக்கவில்லை. கடைசியாக, என் வீட்டுப் பாதை திரும்புகிற இடத்துக்கு முன்னூறு கஜம் முன்னால் வண்டி பள்ளத்தில் இறங்கிவிட்டது. அவளுக்கு அடியொன்றும் இல்லை. வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தால் பிழைத்திருப்பாள். இங்கே பிறந்தவள், அது அவளுக்குத் தெரியும். ஆனால் நெஞ்சடைப்பு என்று சொன்ன கிழவன் ஒருவன் காத்திருக்கிறானே. சூப் டப்பாவைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு நடந்திருக்கிறாள்.

எதை அடையாளமாக வைத்து நடந்தாள் என்றால், என் முற்றத்துக் கம்பத்து விளக்கை. இருட்டினால் அது தானாக எரியும், விடிந்தால் தானாக அணையும். இருபது வருஷமாக ஒரு நாள்கூட எரியாமல் இருந்ததில்லை. அந்தக் காற்றில் வேறெதுவும் கண்ணுக்குத் தெரியாது. அது மட்டும் மங்கலாகத் தெரியும்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. அந்த விளக்குக்கான சுவிட்சு மெயின் பெட்டியில் ஏன் கீழே தள்ளியிருந்தது என்று கேட்டீர்கள். நான் யோசித்துத்தான் பதில் எழுதுகிறேன்.

சமையலறை இருட்டில், ஜன்னலருகே நின்றிருந்தேன். வெர்னாவின் நாற்காலி பக்கத்தில் இருந்தது. ஆறரை இருக்கும். கம்பத்து வெளிச்சத்தின் விளிம்பில் ஓர் உருவம் வந்தது. மான் என்றுதான் முதலில் நினைத்தேன். மான் ஒரு கையைத் தூக்கிக் கண்ணை மறைத்துக்கொள்ளாது. அவள் காற்றுக்கு எதிரே சாய்ந்து, வெளிச்சம் நேராகக் கண்ணில் விழ, அதையே பார்த்து வந்துகொண்டிருந்தாள். பனித்துகள் பட்டு அந்த வெளிச்சம் சிதறியது. வெர்னாவும் இப்படித்தான் கையைத் தூக்கியிருப்பாள்.

நாற்பது அடிதான் இருக்கும். கதவைத் திறந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும். மெயின் பெட்டி கதவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கதவின் கைப்பிடியும் பெட்டியின் சுவிட்சும் ஒரே கைக்கு எட்டும். நான் சுவிட்சைத் தள்ளினேன். பிறகு அடுப்படியில் உட்கார்ந்து அவளுக்காக ஜெபித்தேன், பெயர் சொல்லி.

மறுநாள், உறைந்துபோன அவளைக் கண்டெடுத்த பிறகு, டாரில் வந்து என் தோளில் முகத்தைப் புதைத்து அழுதான். "உன்னப் பாக்கத்தான் வந்தா, பெரிசு. ஒன் நெஞ்சு இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டான். என் உடம்பை விசாரிக்கிற ஆளா அவன் என்று ஆச்சரியமாக இருந்தது. அவனுக்கு ஒரு தட்டில் ரொட்டி வைத்தேன். சாப்பிடவில்லை.

என்மேல் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், மாரென், கையெழுத்துப் போடுகிறேன். ஒன்று மட்டும் தவறாக எழுதிவிட வேண்டாம். எதிரே ஒருத்தி கண் கூச வந்துகொண்டிருந்தாள். நான் விளக்கைத் தாழ்த்தினேன்.