கழுத்திலிருந்து கழற்றிய சிப்பி

இதெல்லாம் நடக்கும்னு அன்னைக்கே சொன்னவன் நான். நிரந்தரத் தொழிலாளிக்கு நீலப் பட்டை, ஒப்பந்தத் தொழிலாளிக்கு மஞ்சப் பட்டைன்னு கழுத்துல அட்டை மாட்டி விட்டாங்களே, அன்னைக்கே கேன்டீன்ல எந்திரிச்சு நின்னு சொன்னேன்: "டேய், இந்தப் பட்டையில ஒரு வில்லங்கம் இருக்குடா!" கேட்டீங்களா? "மாமாவுக்கு வேற வேலை இல்லை"ன்னு சாம்பாரை ஊத்திக்கிட்டீங்க.

சரி, பொன்னுரங்கம் விஷயத்துக்கு வர்றதுக்கு முன்னாடி ஒரு கதை. சின்னதுதான். கம்பெனி கேட்டு வாசல்ல வெயில்ல நிக்கிறீங்க, இழுக்க மாட்டேன்.

ஒரு லட்சம் வருஷத்துக்கு முன்னாடி... சிரிக்காதே ராஜாங்கம்! நான் ஏழாவது பாதியில நின்னவன்தான். ஆனா என் மருமகன் தொல்லியல் படிக்கிறான். அவனுக்கே தெரியாததெல்லாம் எனக்குத் தெரியும். ஆப்பிரிக்காவுல ஒரு குகை. தோண்டினா, மொச்சைக் கொட்டை அளவுல கடல் சிப்பி. கடல் எங்க இருக்கு? விடிய விடிய நடந்தாலும் வராது! தின்னுட்டுப் போட்டதா? இல்லையே... சிப்பியில ஓட்டை. ஓட்டை ஓரத்துல கயிறு உரசின தேய்மானம். செம்மண் சாயம் வேற. புரியுதா? கழுத்துல மாட்டியிருக்கான்! வீடு கிடையாது, ரேஷன் கார்டு கிடையாது... சிப்பி மாட்டியிருக்கான். எதுக்கு? அழகுக்கா? அழகுக்கும்தான். ஆனா தூரத்துல வர்றவனுக்குப் பாத்ததும் தெரியணும், இவன் இன்னாரு ஆளுன்னு!

அந்தக் கூட்டத்துல ஒருத்தன் தேன் எடுக்கப் பாறை ஏறினான். வழுக்கி விழுந்தான். பேச்சு மூச்சு இல்லை. தலைவன் ஓடி வந்தான். தண்ணி கொடுத்தானா? கழுத்தைப் பாத்தான்!

"யப்பா, அந்தச் சிப்பியைக் கழட்டு."

"எதுக்குங்க தலைவரே?"

"சிப்பி இருந்தா நம்ம ஆளு. நம்ம ஆளுன்னா அவன் பொண்டாட்டி புள்ளைக்கு நாமதான் கறி கொடுக்கணும். கழட்டிட்டா... வழியில போனவன்!"

அப்போ ஒருத்தன் முன்னாடி வந்தான். சப்பை மூக்கு, கையில ஈட்டி கூட இல்லை. "கை வைக்காதீங்க. இந்த ஓட்டையைப் போட்டதே நான்தான். இவன் நம்ம ஆளு"ன்னான். தலைவன் முறைச்சான். அவன் நகரலை. அப்புறம் என்ன? சிப்பியோடவே புதைச்சாங்க. புள்ளைங்களுக்குக் கறி போய்ச் சேந்துச்சு.

இப்போ சொல்லுங்க... போன வாரம் பாய்லர் பக்கத்துல சாரம் சரிஞ்சு பொன்னுரங்கம் விழுந்து செத்தானே, ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள சூப்பர்வைசர் குனிஞ்சு என்ன பண்ணினாரு? நான் ரிட்டயர் ஆனவன், நான் பாக்கலை. நீங்கதான் டீக்கடையில வந்து என் காதுல கிசுகிசுத்தீங்க. மஞ்சப் பட்டையை உருவிப் பாக்கெட்ல போட்டுக்கிட்டாருன்னு! இன்னைக்கு மேனேஜர் சொல்றாரு, "அப்படி ஒரு ஆளு எங்ககிட்ட வேலை பாக்கலை." வருஷக்கணக்கா பாய்லர் சாம்பல் அள்ளினவன் வழிப்போக்கனாம்!

அதோ, வேப்ப மரத்தடியில அவன் பொண்டாட்டி அமுதவல்லி நிக்குது. அது கேக்கிறது ஒண்ணே ஒண்ணு: "அவரு இங்கதான் வேலை பாத்தாருன்னு யாராவது சொல்லுங்கண்ணே." நாளைக்கு லேபர் ஆபீஸ்ல விசாரணை. பட்டையை உருவினதைப் பாத்தவங்க கை தூக்குங்க...

ஏன் எல்லாரும் தரையைப் பாக்கிறீங்க? சிப்பியா கிடக்கு? நீலப் பட்டை "நமக்கெதுக்கு"ங்குது. மஞ்சப் பட்டை "கேட்டுலயே நிறுத்திடுவான் மாமா"ங்குது. மாட்டக் கத்துக்கிட்டவன் மனுஷன். கழட்டக் கத்துக்கிட்டவன் முதலாளி. அதை நின்னு வேடிக்கை பாக்கக் கத்துக்கிட்டது நாம.

அங்க யாரு முணுமுணுக்கிறது? குகையில பேசினது உனக்கெப்படித் தெரியும்னா? நியாயமான கேள்வி. சிப்பி நிஜம். ஓட்டை நிஜம். கயித்துத் தேய்மானம் நிஜம். விழுந்தவனையும் தலைவனையும் தேடி நான் ஆப்பிரிக்கா வரைக்கும் போகலை, இந்தக் கேட்டுக்குள்ளேயே இருந்தாங்க. ஆனா "கை வைக்காதீங்க"ன்னு முன்னாடி வந்தானே ஒருத்தன்... அவன் மட்டும் எங்க தேடியும் கிடைக்கலை. அவனை நானாத்தான் செஞ்சு கதையில போட்டேன்.