டிரம்மில் இருந்த நல்ல தண்ணீர்

வில்லியனூரிலிருந்து பாகூர் போகும் பேருந்து. எனக்கு முன் இருக்கையில் ஓர் அக்காளும் தம்பியும். தம்பியின் காலடியில் சாக்குப் போட்டு மூடிய பழைய படகு மோட்டார். லக்கேஜ் டிக்கெட் போட வந்த கண்டக்டர், இது என்ன என்று கேட்டார்.

"எங்க அக்கா கொன்னது," என்றான் தம்பி.

கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு நகர்ந்தார்.

"மெக்கானிக் இன்னா சொன்னாரு, கேட்ட இல்ல? உள்ள உப்பு கட்டி இறுகிப் பூட்ச்சாம். கடல்ல ஓட்டிட்டு வந்தா நல்ல தண்ணில வுட்டு ஓட்டி உப்ப கழுவணும். அதுக்குத்தான் டிரம்முல ரொப்பி வச்சிருந்தேன்."

"அன்னிக்கி கொழாயில மூணு நாளா தண்ணி வரல. அப்பா செத்துக் கெடக்கறாரு. வேற எதுலடா குளிப்பாட்டறது?"

"பாதியாச்சும் வச்சிருக்கலாம் இல்ல? அப்பறம் காரியம் முடியிற வரைக்கும் மோட்டார தொடக் கூடாதுன்னுட்டாங்க. பதினாறு நாள் கழிச்சி கயித்த இழுத்தா அசையல."

அக்கா ஜன்னலுக்கு வெளியே கரும்புக் கொல்லைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா சாவறதுக்கு மொத நாளு, ஒடம்பு எரியுது, ரெண்டு சொம்பு ஊத்துடின்னு என்னாண்ட கெஞ்சினாரு. டிரம்முல சொம்ப வுட்டேன். மோட்டாருக்கு வேணும்னு சொம்ப புடுங்கிக்கினு போனவன் யாரு?"

தம்பி குனிந்து, விலகியிருந்த சாக்கை இழுத்து மூடினான்.

"அதான்டா, ஒரு சொட்டு மீதி வைக்காம அவரு மேல ஊத்தினேன்."