வாயில் கவ்விய ஒயர்

எல்லாரும் சாப்பிட்டாச்சா? அப்ப சொல்றேன். குமட்டினா என்னைத் திட்டாதீங்க.

ஞாயித்துக்கிழமை, மத்தியானம் ரெண்டரை மணி. பேய்னா ராத்திரிதான் வரணுமா என்ன... கம்பெனிங்க இருக்கிற தெரு, எல்லா ஷட்டரும் மூடியிருக்கு. ஒரு ஈ காக்கா இல்ல. என் சிநேகிதியோட அண்ணன் மட்டும் தனியா நடந்து போறான்.

அவன் கம்பெனியில செய்யறது சளி உறிஞ்சுற மிஷின். படுத்த படுக்கையா கிடக்கிறவங்க தொண்டையில குழாயை விட்டு... சரி, விடுங்க. அதுக்குப் புரோகிராம் எழுதினது இவன். அந்த மிஷினை வச்சிருந்த பெரியவர் ஒருத்தர் மூச்சு முட்டிச் செத்துட்டார். மிஷின் திரும்பி வந்துடுச்சு. தானா நின்னுச்சான்னு பாரு, நின்னிருந்தா மிஷினுக்குள்ள இருக்கிற பதிவை அழிச்சிடுன்னு முதலாளி சொல்லிட்டார். நின்னிருந்தா இவன் தப்பு. வேலை போகும், கேஸும் வரும்.

கம்பெனிக்குள்ள போய் மிஷினோட மூடியைக் கழட்டினான். சீ... அந்த நாத்தம். அழுகின முட்டையும் மருந்தும் கலந்த மாதிரி. உள்ளே சிப்பு வச்ச போர்டு மேல மஞ்சளா காஞ்சுபோன சளி. அதுல ஊசி மாதிரி நீட்டியிருக்கிற பின்னைச் சுத்தி ஒரே ஒரு நரைமுடி.

டீபக்கர்னு ஒரு சின்ன டப்பா உண்டு. அதோட ஒயரை போர்டு பின்னுல மாட்டினா, சிப்புக்குள்ள இருக்கிறதைக் கம்ப்யூட்டர்ல படிக்கலாம். இவனுக்கு ஒரு கேடுகெட்ட பழக்கம். ரெண்டு கையும் வேலையா இருந்தா ஒயரைப் பல்லுல கவ்விக்குவான். அன்னிக்கு ஒண்ணைத் தப்பான பின்னுல மாட்டி, உருவி, துடைக்காம... அப்படியே வாயில. உவ்வே. உப்புக் கரிச்சுதாம்.

சரியா மாட்டினதும் பதிவு வந்துச்சு. ஒரு ஞாயித்துக்கிழமை, மத்தியானம் மூணு பத்து. மிஷின் நின்னிருக்கு. பதினோரு நிமிஷம்.

அழிச்சான். காலின்னு காட்டுச்சு. அப்பாடான்னு ஒயரையெல்லாம் உருவினான். பழக்கதோஷம், ஒண்ணை மறுபடி வாயில கவ்விக்கிட்டான். போர்டுல கரண்ட் இல்ல, ஒயரும் இல்ல. ஆனா டப்பாவுல பச்சை லைட்டு... டிக்... டிக்... ஸ்கிரீன்ல 'கனெக்டட்'னு வருது. கீழ ஒரு நிமிஷம்... ரெண்டு நிமிஷம்... எண்ணிக்கிட்டே இருக்கு.

மணி மூணு பத்து தாண்டியிருந்துச்சு.

மூச்சு வரல. தொண்டையில கொழகொழன்னு என்னமோ ஏறுது. ஒயரைப் பிடிச்சு இழுத்தான். ஒயர் வந்துச்சு. அதோட ஒட்டிக்கிட்டு விரல் தடிமனுக்கு மஞ்சளா... இழுக்க இழுக்க... நடுவுல நீளமா நரைமுடி.

வாட்ச்மேன் பாத்து ஆஸ்பத்திரியில சேர்த்தார். பிழைச்சான். எழுந்திரிக்கல. இப்ப அவனுக்கும் அதே கம்பெனி மிஷின்தான், தங்கச்சிதான், அதான் என் சிநேகிதி, பாத்துக்கறா. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் மூணு பத்துக்கு அது நின்னுடும். பதினோரு நிமிஷம் நீலம் பாரிச்சு, களகளன்னு... சாகவும் மாட்டான்.

அவ கம்பெனிக்குப் போன் பண்ணினா. புது இன்ஜினியர் வந்து டீபக்கரை மாட்டிப் பாத்தான்.

"நிக்கவே இல்லையே மேடம். பதிவு காலியா இருக்கு."

பல்லைக் கடிச்சுக்கிட்டே சொன்னான். ஏன்னு அவ அப்புறம்தான் பாத்தா.

ஒரு ஒயர் அவன் வாயில இருந்துச்சு.