கீரனேரி மதகடியில் கொடுத்த அறை பற்றி

பெயர் ப. இசைவாணி, வயது 27, தந்தை பெயர் பக்கிரி, கீழத்தெரு, கீரனேரி கிராமம், சிதம்பரம் வட்டம், கடலூர் மாவட்டம்.

நான் மேற்படி முகவரியில் அப்பா அம்மாவுடன் குடியிருந்து வருகிறேன். உடற்கல்வியில் பட்டம் பெற்றிருக்கிறேன். ஊர்ப் பிள்ளைகளுக்கு எங்கள் ஏரியில் நீச்சல் கற்றுக் கொடுத்து வருகிறேன். காவலர் தேர்வில் எழுத்திலும் ஓட்டத்திலும் தேறி, நன்னடத்தை விசாரணைக்காகக் காத்திருக்கிறேன். அந்த அறிக்கை இதே காவல் நிலையத்திலிருந்துதான் போக வேண்டும் என்பதும், என் மேல் வழக்குப் பதிவானால் வேலை கைக்கு வராது என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தேதான் இதைச் சொல்கிறேன்.

பண்ருட்டியில் முந்திரி வியாபாரம் செய்யும் செந்தமிழ்செல்வன் என்பவர், நான் அவரைக் கன்னத்தில் அறைந்ததாகவும், முடியைப் பிடித்து இழுத்ததாகவும், பெண் வீட்டார் முன்னிலையில் அவமானப்படுத்தியதாகவும், அதனால் கல்யாணம் நின்றுவிட்டதாகவும் புகார் கொடுத்திருக்கிறார். அறைந்தது உண்மை. ஒன்றல்ல, இரண்டு. முடி விஷயத்தைப் பின்னால் சொல்கிறேன், அதற்குக் கொஞ்சம் விளக்கம் வேண்டியிருக்கிறது.

முதலில் ஏரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எழுதுகிற ஏட்டய்யா அது வேண்டாம் என்றார். அது இல்லாமல் மற்றது விளங்காது என்று நான் சொன்னதன் பேரில் எழுதிக்கொள்ளப்படுகிறது. ஐப்பசி கார்த்திகையில் வரத்துத் தண்ணீர் செக்கச் செவேலென்று முள்ளையும் பாம்பையும் சேர்த்துக்கொண்டு வரும், அப்போது பிள்ளைகளை இறக்க மாட்டேன். மார்கழி விடியலில் கரையில் நிற்கும்போதுதான் பல் கிட்டும், உள்ளே இறங்கிவிட்டால் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். தையும் மாசியும் பழக நல்ல காலம். ஆளை ஏமாற்றுவது பங்குனியும் சித்திரையும்தான். வெயிலில் மேல்தண்ணீர் விளாவி வைத்த வெந்நீர் போல இருக்கும், காலை விட்டுப் பார்க்கிறவன் சொக்கிப் போவான். ஆனால் மதகடிப் பள்ளத்தில் ஆளுயரத்துக்குக் கீழே தண்ணீர் ஜில்லிட்டு நிற்கும். காய்ந்த உடம்போடு மேலிருந்து குதித்தால் அந்தக் குளிர் தாக்கி மூச்சு அடைக்கும், கெண்டைக்கால் இழுத்துக்கொள்ளும். நீச்சல் தெரிந்தவனே திணறுவான்.

சென்ற பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், வகுப்பு முடிந்து பிள்ளைகளை அனுப்பிவிட்டு, பழகுவதற்கு வைத்திருக்கும் லாரி டியூப்களைக் கட்டிக்கொண்டிருந்தேன். அப்போது இரண்டு கார்களில் செந்தமிழ்செல்வனும், அவருக்கு நிச்சயம் செய்திருந்த சிதம்பரத்துப் பெண் வினோதினியும், இரு வீட்டாரும், போட்டோ எடுப்பவரும் வந்தார்கள். கல்யாணத்துக்கு முந்திய போட்டோ எடுக்க வந்ததாகச் சொன்னார்கள். அதன் பிறகு கொஞ்ச நேரம் கரையில் எடுத்தார்கள். அதன் பிறகு போட்டோக்காரர் தண்ணீரில் கையை விட்டுப் பார்த்து, "தண்ணி சூப்பரா இருக்கு மச்சான், மதகு மேலேருந்து குதி, வீடியோ அள்ளும்" என்றார். நான் ஓடிப்போய், "அண்ணே, வாணாம். மேலதான் சுடுது, அடியில ஜில்லுனு இருக்கும், காலு புடிச்சிக்கும்" என்று சொன்னேன். செந்தமிழ்செல்வனின் தாய்மாமன் சுப்பராயலு, "கெணத்துல குதிச்சி வளந்த புள்ள அவன், உன் வேலையப் பாரு போ" என்றார். நான் என் வேலையைப் பார்க்கப் போனேன், ஆனால் டியூப்பைக் கையிலேயே வைத்துக்கொண்டேன்.

செந்தமிழ்செல்வன் குதித்தார். அதன் பிறகு வரவில்லை. அதன் பிறகு ஒரு கை மட்டும் வந்து போனது. கரையில் நின்ற ஆண்கள் அத்தனை பேரும் வேட்டியை மடித்துக் கட்டினார்களே தவிர, ஒருவரும் இறங்கவில்லை. நான் டியூப்போடு பாய்ந்து அவரை எட்டினேன். எட்டியதும் அவர் என் கழுத்தைக் கட்டிக்கொண்டார். முழுகுகிறவனுக்குப் பிடித்ததெல்லாம் கரை, அதை நான் தப்பு சொல்லவில்லை. ஆனால் இருவரும் சேர்ந்து அடிக்குப் போனோம். உதறிப் பார்த்தேன், விடவில்லை. மேலே வந்ததும் பிடியை விடுவிப்பதற்காக ஒரு அறை கொடுத்தேன். விட்டுவிட்டு மறுபடி பாய்ந்தார், இரண்டாவது கொடுத்தேன். அதன் பிறகு பின்பக்கமாகப் போய் முடியைப் பிடித்து இழுத்தேன். முடி மொத்தமும் என் கையோடு வந்துவிட்டது. தலையே வந்துவிட்டதோ என்று நடுங்கிப் போனேன். அன்று நான் பயந்தது அந்த நொடி மட்டும்தான். அது விக் என்று விளங்கியதும் சட்டைக் காலரைப் பிடித்து, டியூப்பில் சாய்த்துக் கரை சேர்த்தேன்.

அதன் பிறகு அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். தண்ணீரைக் கக்கி மூச்சு விட்டார். என் துண்டை எடுத்து அவர் தலையை மூடியதும் நான்தான். வழுக்கை ஒரு குற்றமில்லை, என் அப்பாவுக்கும் வழுக்கைதான். சுப்பராயலு ஓடி வந்தார். மருமகனுக்கு உயிர் இருக்கிறதா என்று கேட்பதற்கு முன்னால் என்னைப் பார்த்து, "எந்தத் தெருப் பொண்ணுடி நீ?" என்று கேட்டார். "குடிக்கத் தண்ணி நான் கேக்கலியே அய்யா, என் தெரு உங்களுக்கு எதுக்கு?" என்றேன். இது திமிர்ப் பேச்சு என்று புகாரில் எழுதியிருக்கிறார்கள். நான் சொன்ன வார்த்தை அதுதான், மாற்றிச் சொல்லப்போவதில்லை.

கல்யாணம் நின்றதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை. வினோதினி மறுநாள் என் வீட்டுக்கு வந்து, "முடி இல்லைங்கறதுக்காக இல்லக்கா. செத்துப் பொழைச்சு கண்ணத் தொறந்ததும் தலையத்தான் தடவிப் பாத்தாரு. உங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லல" என்றார். அதன் பிறகு, தனக்கும் நீச்சல் சொல்லித் தர முடியுமா என்று கேட்டார். இப்போது வந்துகொண்டிருக்கிறார்.

அதன் பிறகு சுப்பராயலு ஆள் மூலம் ஒரு கடிதத்தை அடித்து அனுப்பினார். செந்தமிழ்செல்வன் நன்றாக நீந்திக்கொண்டிருந்ததாகவும், நான் தப்பாக நினைத்துக் கை நீட்டிவிட்டதாகவும் அதில் இருந்தது. கையெழுத்துப் போட்டால் புகார் கிடையாது, போலீஸ் வேலையும் கெடாது என்றார்கள். அம்மா போட்டுவிடு என்று அழுதாள். எனக்கும் அந்த வேலை வேண்டும், அதற்காக நாயாய் ஓடியிருக்கிறேன். ஆனால் போட்டோக்காரர், குதிக்கிற வரைக்கும் மட்டும் வெட்டி அந்த வீடியோவை வெளியிட்டிருக்கிறார். அதைப் பார்த்துவிட்டு அடுத்த ஞாயிறே இரண்டு காலேஜ் பையன்கள் அதே மதகின் மேல் சட்டையைக் கழற்றிக்கொண்டு நின்றார்கள். திட்டி விரட்டினேன். செந்தமிழ்செல்வன் நன்றாக நீந்தினார் என்று நான் எழுதிக் கொடுத்தால், அடுத்து குதிக்கிறவனுக்கு நானே கொள்ளி வைத்த மாதிரி. ஆகவே கிழித்துப் போட்டேன்.

மேற்படி விக்கை வெயிலில் காயவைத்து, சீவி, துணிப்பையில் போட்டு இன்று ஒப்படைக்கிறேன். இனிமேலும் பங்குனி சித்திரையில் யார் அந்த மதகில் ஏறினாலும் தடுப்பேன். மீறிக் குதித்து என் கழுத்தைப் பிடித்தால் அறைவேன்.

இதைப் படித்துக் காட்டியபோது, "நடந்ததற்கு வருந்துகிறேன்" என்று முடிவில் ஒரு வரி இருந்தது. சமாதானமாகப் போகட்டும் என்று ஏட்டய்யா தாமே சேர்த்ததாகச் சொன்னார். அது என் வாயிலிருந்து வரவில்லை என்று சொல்லி, கோடு போட்டு நீக்கச் சொன்னேன், நீக்கப்பட்டது. புகாரின் கீழே செந்தமிழ்செல்வன் போட்ட கையெழுத்தையும் காட்டினார்கள். அதைப் போட அவருக்கு உயிர் இருக்கிறது, அதுவே என் பதில். மீதி உள்ளது அத்தனையும் நான் சொன்னபடி இருக்கிறது, அத்தனையும் நடந்தது.

(ஒப்பம்)
ப. இசைவாணி