மண்ணெண்ணெய்க் காலத்து ஜெட்டும் எங்கள் அமிர்தநாயகம் அண்ணரும்

டப்! டப்-டப்... டமார்!

இந்தச் சத்தத்தை எழுதாமல் உங்களுக்கு ஒரு பாராட்டு மடல் எழுத எங்களுக்குத் தெரியவில்லை. அடம்பன் சந்தைத் தெருவில் நின்ற மாடுகள் வெருண்டோட, பஸ்ஸுக்குக் காத்து நின்றவர்கள் பழைய பழக்கத்தில் நிலத்தில் குப்புறப் படுக்க, கரும்புகை கக்கிக்கொண்டு எங்கள் அரசாங்க வாகனத் திருத்தக வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. அது இரண்டாயிரத்து இரண்டாம் ஆண்டு. சண்டை ஓய்ந்து, பாதை திறந்து, பெற்றோல் வரத் தொடங்கி மூன்றாவது மாதம்.

இயந்திரங்களின் இதயத் துடிப்பை இரு செவிகளால் எடை போட்டவரே! பேசாலைக் கடற்கரை பெற்றெடுத்து அடம்பன் வயற்கரைக்கு அனுப்பி வைத்த அருங்கொடையே! அன்பைக் கோபமாகவும் கோபத்தைத் தேநீராகவும் மாற்றித் தந்த எங்கள் அமிர்தநாயகம் அண்ணரே! வணக்கம்!

முப்பத்திரண்டு வருடங்கள் இந்தத் தகரக் கொட்டகையில் நின்றீர்கள். எந்த இயந்திரத்தையும் நீங்கள் ஏசியதில்லை. எங்களை ஏசாத நாளுமில்லை. பெற்றோல் தடைப்பட்டிருந்த வருடங்களில் மருந்துப் போத்தலில் வைத்திருந்த பெற்றோலில் நான்கு துளியைக் காபரேட்டருக்குள் விட்டு உதைப்பீர்கள். எஞ்சின் சூடானதும் அது மண்ணெண்ணெயில் ஓடும். அப்படி ஓடிய மோட்டார் சைக்கிள்களில்தான் தடுப்பூசி போனது, தபால் போனது, பிள்ளைத்தாய்ச்சிகளைப் பார்க்க மருத்துவமாது சிவலட்சுமி போனார்.

அன்று வெடித்துக்கொண்டு வந்ததும் சிவலட்சுமி அக்காவின் சைக்கிள்தான்.

"அண்ணை, இது சைக்கிளில்லை, மன்னார்க் கழுதை! முன்னுக்குப் போகச் சொன்னா நிண்டு உதைக்குது."

"நீங்கள் பிடிக்கிற பிடியிலை கழுதையும் உதைக்கும் அக்கா," என்றான் எங்களோடு வேலை செய்த டொமினிக்.

"உனக்குப் பகிடி! இண்டைக்கு இதைக் கழிச்சு எழுதினா, உள்ளூர்ச் சனத்தை நான் நடந்தே பாக்கிறது? இந்த மாதம் மட்டும் பிள்ளைப்பேறு ஒன்பது."

அவர் சொன்னது உண்மை. மாவட்டத்திலிருந்து வாகனப் பரிசோதகர் பரமநாதன் ஐயா வந்திருந்தார். சீராக ஓடாத நான்கு சைக்கிள்களைப் பார்த்து, உதவாதவை என்று எழுதப் போகிறார். எழுதிவிட்டால் அவை பழைய இரும்பு. புது வண்டி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. "மத்தியானச் சாப்பாட்டுக்கு முதல் ஒண்டையாவது ஓட்டிக் காட்டுங்கோ, பாப்பம்," என்று சொல்லிவிட்டுக் கதிரையில் அமர்ந்தார் அவர். மணி பத்தரை!

பிளக்கைக் கழற்றினீர்கள், அடுப்புக்கரி போலக் கறுத்திருந்தது. துடைத்துப் போட்டீர்கள், இரண்டு நிமிடம் ஓடி மறுபடியும் டப்! மிதவையைச் சரிபார்த்தீர்கள், காற்று வடிகட்டியைத் தட்டினீர்கள், டப்! பெற்றோலில் கலப்படம் என்றார் ஒருவர். கடல் உப்பு என்றார் இன்னொருவர். நீங்களோ காபரேட்டரின் அடியிலிருந்த பித்தளை ஜெட்டைக் கழற்றி வெயிலுக்கு எதிரே பிடித்தீர்கள். அரிசியளவு அந்தத் துண்டின் நடுத் துவாரத்தால்தான் எரிபொருள் போக வேண்டும். ஊசிமுனை நுழைய வேண்டிய அந்தத் துவாரத்தில் ஊசியே நுழைந்தது! தடித்த மண்ணெண்ணெய்க்கென்று யாரோ அதைப் பெருப்பித்திருந்தார்கள். இப்போது பெற்றோல் அளவுக்கு மீறிப் பாய்ந்து, எரியாமல் புகைந்து வெடித்தது. உங்கள் முகம் வாடியதை நாங்கள் கண்டோம். காரணம் அப்போது விளங்கவில்லை.

புது ஜெட் எங்கே இருக்கிறது? துவாரத்தை ஈயம் உருக்கி அடைத்தீர்கள். மண்ணெண்ணெய் அடுப்புத் துப்புரவாக்கும் மெல்லிய ஊசியால் நடுவே மீண்டும் துளைத்தீர்கள். பூட்டினீர்கள். உதைத்தீர்கள். காற்றைக் கூட்டிக் குறைக்கும் திருகை முழுதாக இறுக்கி ஒன்றரைச் சுற்றுத் தளர்த்தினீர்கள். பிறகு கால்வாசிச் சுற்று. பிறகு அதிலும் பாதி.

"இன்னும் கொஞ்சம் அண்ணை!" என்று டொமினிக் கத்தினான்.

"வாயை மூடடா, அது கதைக்குது!"

மூடினோம். தடுமாறிய துடிப்பு மெல்ல மெல்ல நிதானித்து, ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே சீராக... ஓடியது அண்ணரே, ஓடியது! புகையில்லை, வெடியில்லை! சிவலட்சுமி அக்கா சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு ஏறி, சந்தையைச் சுற்றி வந்து, "கழுதை இப்ப குதிரை!" என்று கூவியபோது பஸ்ஸுக்கு நின்றவர்களும் கைதட்டினார்கள். மணி பன்னிரண்டே கால்! அந்தக் கைகள் நடுக்கமின்றி நூறாண்டு வாழ்க! அந்தச் செவிகள் மந்தமின்றிப் பேரப்பிள்ளைகளின் கூச்சலையும் கேட்டு மகிழ்க! பேசாலைக் காற்று உங்களுக்கு நல்ல நித்திரை தருக!

இத்துடன் கையொப்பம் வைத்திருப்போம். ஆனால் எங்களைத் தலைகுனிய வைத்தது அந்தத் திறமையல்ல, அடுத்த நிமிடம்.

பரமநாதன் ஐயா எழுந்து வந்தார். "வேலை நல்லாயிருக்கு. ஆனா அரசாங்க வாகனத்தின்ரை ஜெட்டைப் பெருப்பிச்சு எஞ்சினைக் கெடுத்தது ஆர்?" என்று கேட்டார். உங்களுக்கான தலைமை மெக்கானிக் நியமனக் கடிதம் அவருடைய பையில் இருந்தது. எங்கள் எல்லாருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். டொமினிக் முந்திக்கொண்டான்: "அது வரேக்கையே அப்பிடித்தான் ஐயா வந்தது!" நாங்களும் தலையாட்டினோம். நீங்கள் பேசாமல் நின்றிருந்தால் போதும்.

நீங்கள் பேசினீர்கள். கடிதம் பையோடு திரும்பிப் போனது. இரண்டு வருடம் கழித்தே மறுபடி வந்தது. பதினொரு மாதம் மட்டுமே தலைமை மெக்கானிக்காக இருந்து இன்று விடைபெறுகிறீர்கள். சைக்கிள்கள் நான்கும் இன்றும் ஓடுகின்றன. அடம்பன் திருத்தகத்தில் அன்று பொய்க்குத் தலையாட்டிய ஒன்பது பேரும் இம்மடலின் கீழே எங்கள் பெயர்களை எழுதுவது, கையைத் துடைத்தபடி நீங்கள் சொன்ன அந்தப் பதிலுக்காகவே:

"அவன் பொய் சொல்லுறான் ஐயா, பெருப்பிச்சது நான், மற்ற மூண்டிலையும் இதே கைதான் பட்டது, எஞ்சினிலை பிழையில்லை, அதுகளைக் கழிச்சு எழுதிப்போடாதேங்கோ."