வெற்றிடக் கலத்தில் காற்றைத் திறந்துவிட்டது பற்றி ஜானவி சொன்னது

பெயர் ஜானவி, வயது 29, கணவர் பெயர் வெங்கிடேஷ், குடியிருப்பு திருவனந்தபுரம், கரமனை அக்ரகாரம். எனக்கு எழுதப் படிக்கத் தமிழே சரளம் என்பதால் தமிழறிந்த தலைமைக் காவலர் இதை எழுதுகிறார்.

நானும் என் கணவரும் பேராசிரியர் நாகேஸ்வரனின் ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சி மாணவர்கள். காற்றை உறிஞ்சி எடுத்த எஃகுக் கலத்துக்குள் ரூபிடியம் அணுக்களை லேசரால் கிட்டத்தட்ட அசைவற்றுப்போகும்வரை குளிரவைத்து, அதன்பின் வேறொரு லேசரை ஒருமுறை பாய்ச்சினால் எலக்ட்ரான்கள் பிரிந்து பிளாஸ்மா உண்டாகும். சூரியனில் இருப்பதும் பிளாஸ்மாதான், அது கொதிப்பது; இது கடுங்குளிர். நேர்மின் துகள்களும் எதிர்மின் துகள்களும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்து நின்று, கண்ணிமைப்பதற்குள் விரிந்து கலைந்துவிடும்.

சென்ற ஜூலையில் பிளாஸ்மா கிடைக்காத ஆத்திரத்தில் பேராசிரியர் லேசரின் மூடியைக் கழற்றி, மூடி இல்லாவிட்டால் லேசரைத் தானே அணைக்கும் பூட்டையும் வேலை செய்யாதபடி கட்டிவைத்து, முழு வீச்சில் ஓடவிட்டு, கதிரின் பாதையைச் சரிசெய்ய என் கணவரை அனுப்பினார். அங்கிருந்த ஒரே பாதுகாப்புக் கண்ணாடியைப் பேராசிரியர் போட்டிருந்தார். கதிர் ஒரு திருகாணியில் பட்டுத் தெறித்து என் கணவரின் வலது கண்ணில் விழுந்தது. நடுப்பார்வை போய்விட்டது; அதன்பின் அவர் அந்தக் கண்ணால் என்னைப் பார்த்தால் என் காதுகள் தெரிகின்றன, முகம் தெரிவதில்லை.

விசாரணையில் பேராசிரியர், "கண்ணாடி இருந்ததாக்கும், அவன்தான் போட்டுக்கலை" என்று சொல்ல, என் கணவர் ஆராய்ச்சியிலிருந்து நீக்கப்பட்டார். அதன்பின் நான் பேராசிரியர் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்லும்படி கேட்டேன். "இன்னொரு கண்ணு உண்டல்லோ அவனுக்கு? நீ போய் வேலையைப் பாரு" என்றார்.

அதன்பின் நான் வேலையைப் பார்த்தேன். கலத்தை நானே சூடாக்கிக் காற்று நீக்கினேன், கதிர்களை நானே சரிசெய்தேன், பிளாஸ்மாவை நானே வரவழைத்தேன். அதைக் காட்டப் பேராசிரியர் டெல்லியிலிருந்து வல்லுநர்களை அழைத்தார்.

நேற்று முற்பகல் அவர்கள் வந்ததும் எல்லோருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி கொடுத்தேன். திரையில், பிளாஸ்மா உண்டானதைக் காட்டும் எலக்ட்ரான்களின் மேடு எழுந்தது. பேராசிரியர் அதில் விரல் வைத்து "கண்டேளா, கண்டேளா" என்று சொல்லிக்கொண்டிருக்கையில் காற்று வால்வை முழுவதும் திறந்தேன். காற்று சீறிப் புகுந்து, காற்றை உறிஞ்ச ஓடிக்கொண்டிருந்த பம்பின் சுழல் இறகுகள் நொறுங்கின, மேடு படுத்தது. "அடைடீ, ஜானவி!" என்று அலறினார். "காத்து கேறியாச்சு சார். இனி ஒண்ணும் காணாது" என்றேன். அவர் தரையில் உட்கார்ந்து அழுதார். சீறல் அடங்கும்வரை நான் வால்விலிருந்து கையை எடுக்கவில்லை. யாருக்கும் காயமில்லை.

மன்னிப்புக் கேட்டால் என்மேல் கொடுத்த புகாரைத் திரும்பப் பெறுவதாகப் பேராசிரியர் சொல்லியனுப்பியிருக்கிறார். கேட்க மாட்டேன்.

எழுதியதை வாசிக்கக் கேட்டேன். வால்வைத் திறந்த இடத்தில் தலைமைக் காவலர் இரக்கப்பட்டு 'கை தவறி' என்று சேர்த்திருந்ததை என் முன்னால் கோடிட்டு அடிக்கவைத்தேன். மற்றதெல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது, உண்மை.

(ஒப்பம்) ஜானவி
9.3.2005