ஐந்தாவது செட்டில் பதினோரு படங்கள்

கேமரா வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் எத்தனை மடங்கு ஜூம் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நானும் அதைத்தான் கேட்டேன். கடைக்காரர் பதில் சொல்லாமல், "எதை எடுக்கப் போறீங்க?" என்றார்.

"உள்ளரங்கத்துல வாலிபால். அப்புறம் வெளியூர்ப் பயணம்."

"ரெண்டும் ஒண்ணா ஒத்துப்போகாதே சார். பயணத்துக்குத் தூரத்தை இழுக்கணும். உள்ளரங்கத்துக்கு வெளிச்சத்தை இழுக்கணும்."

கண்ணாடி மேசைமேல் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று அறுபது மடங்கு இழுக்கும். ஆனால் முழுக்க இழுத்தால் லென்ஸ் கண்ணைச் சுருக்கிக்கொள்ளும்; அரங்கின் மங்கல் விளக்கில், பந்தை அடிக்க ஓங்கிய கை புகை மாதிரி விழும். இன்னொன்று அதில் பாதி தூரம்கூட எட்டாது. ஆனால் எவ்வளவு இழுத்தாலும் கண் திறந்தே இருக்கும், நொடிக்கு இருபது படம் எடுக்கும். கூட வந்திருந்த என் மனைவிக்கு முதலாவதுதான் பிடித்திருந்தது.

"டூர் போறப்ப மலையெல்லாம் கிட்ட தெரியும்ங்க."

"மேட்ச்சுல நீ தெளிவா விழ வேணாமா?" என்றேன். நான் பாசத்தில் சொல்வதாக நினைத்து, இரண்டாவதற்குச் சம்மதித்தாள். அன்றைக்கு அது பாசம்தான்.

என் மனைவியின் வாலிபால் அணியின் பிசியோதெரபிஸ்ட் என்ற முறையில் நீங்கள் எனக்கு எழுதிக் கேட்டிருப்பது ஒரே கேள்வி. நான் கொடுத்த படங்களில் 4117க்குப் பிறகு நேராக 4129 வருகிறது, நடுவில் இருந்தவை எங்கே? நல்ல கேள்வி. நான் பாட்டில் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவன். எதிரே ஓடும் பாட்டில்களில் விரிசல் விட்டதைப் பொறுக்கி எடுப்பதுதான் பதினான்கு வருடமாக என் வேலை. எண் விட்டுப்போனதை நீங்கள் கவனித்ததை மதிக்கிறேன்.

அணியில் அவளை ஏணி என்பார்கள், உயரத்துக்காக. என்னை ஏணி வீட்டுக்காரர் என்பார்கள். என் முதுகுக்குப் பின்னால் பைதூக்கி என்பார்கள். அதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை, பையை நான்தான் தூக்கினேன். வருடத்தில் பாதி நாள் அவள் வீட்டில் இல்லை. இருக்கும் நாளில் சாயங்காலம் ஆறு மணிக்கே அசந்து தூங்கிவிடுவாள். அதையும் பொறுத்துக்கொண்டேன்.

புதுக் கேமராவோடு போன மூன்றாவது மேட்ச்சில் ஜூமை முழுக்க இழுத்தேன். ஒரு பாயிண்ட் எடுத்த சந்தோஷத்தில் கேப்டனின் தோளில் தொங்கிக்கொண்டு சிரித்தாள். கடைவாய்ப் பல் வரை தெரிந்தது. கல்யாணமாகி ஆறு வருடத்தில் அந்தப் பல்லை நான் பார்த்ததில்லை. அன்று வீட்டுக்கு வந்ததும், "என்ன சமைக்கட்டும்?" என்று கேட்டாள். வாய் மூடிய முகம்.

நான்கு மாத வெளிநாட்டுப் பயணத்துக்கு அவளைத் தேர்ந்தெடுத்தது அதற்குப் பிறகுதான். அவளுடைய வலது முழங்காலில் பழைய காயம் இருந்ததால் உடல்தகுதிச் சான்றில் உங்கள் கையெழுத்து தேவைப்பட்டது. உங்கள் அறையில் அவளைப் படுக்கவைத்து, மடக்கி, நீட்டிப் பார்த்தீர்கள். குறை தெரியவில்லை. என்னைக் கூப்பிட்டுச் சொன்னது நினைவிருக்கிறதா?

"களைச்சுப்போன பிறகு எப்படி இறங்குறாங்கன்னு பாக்கணும் சார். அடுத்த மேட்ச் அன்னைக்கு எனக்கு இன்னொரு ஊர்ல வேலை இருக்கு. கடைசி செட்டுல ஒரு ஜம்ப் விடாம எடுத்துக் கொடுங்க."

எடுத்தேன். முதல் நான்கு செட்டிலும் இரண்டு காலும் நேராக இறங்கின. ஐந்தாவதில் ஒரு ஜம்ப்பில் வலது முழங்கால் உள்பக்கமாக மடங்கியது. கண்ணால் பார்த்தால் தெரிந்திருக்காது. நொடிக்கு இருபது படம் என்பதால் பதினோரு படத்தில் தெளிவாகத் தெரிந்தது. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அவள் எதிரே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எப்படிங்க வந்திருக்கு?"

"பிரமாதமா வந்திருக்கு."

அந்தப் பதினொன்றையும் அழித்தேன். மீதியை உங்களுக்குக் கொடுத்தேன். நீங்கள் கையெழுத்துப் போட்டீர்கள்.

எண் விட்டுப்போன விஷயம் தெரிந்ததும், அவளுடைய பயண ஆசை கெட்டுவிடக்கூடாதென்று நான் மறைத்ததாக அணியில் பேசிக்கொள்கிறார்கள். கேப்டன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாசத்துல கண்ணு மறைச்சிடுச்சு, விடுங்கண்ணே" என்று அழுதாள். நல்ல மனசு அவளுக்கு. நானும் தலையாட்டிவிட்டேன். உங்களிடம் அப்படிச் சொல்ல முடியாது. கையெழுத்துப் போட்ட குற்றத்துக்கு உங்களை வேலையிலிருந்து நிறுத்தியிருக்கிறார்கள்.

அந்தப் படங்களைக் காட்டியிருந்தால் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். மூன்று மாத ஓய்வு, பயிற்சி, கட்டு. இந்தப் பயணம் கைவிட்டுப் போயிருக்கும், அடுத்த பயணம் வந்திருக்கும். முழங்கால் தேறி அவள் மறுபடி கிளம்பியிருப்பாள். மூன்று மாதம் எனக்குப் போதவில்லை.

பிறகு, கிளம்புவதற்கு எட்டு நாள் முன்னால் இன்னொரு மேட்ச். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். தாவினாள், அடித்தாள், இறங்கினாள். கெட்டித் துணியைக் கிழிப்பது போல ஒரு சத்தம் என் இருக்கைவரை கேட்டது. எல்லோரும் எழுந்து ஓடினார்கள். நான் ஷட்டரிலிருந்து விரலை எடுக்கவில்லை. நாற்பத்திரண்டு படம் இருக்கிறது, அவற்றில் ஒன்றைக்கூட அழிக்கவில்லை. ஏன் என்று கேட்டால் எனக்கே தெரியவில்லை.

இரண்டு அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது. இனி விளையாட முடியாது, ஊன்றுகோல் இல்லாமல் நடப்பதும் சந்தேகம் என்கிறார் டாக்டர். காலையில் நான்தான் குளிப்பாட்டுகிறேன், தலை வாருகிறேன். வேலையிலிருந்து வந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிடுகிறோம். இவ்வளவு நாள் சேர்ந்தாற்போல நாங்கள் ஒரே வீட்டில் இருந்ததில்லை.

இந்தக் கடிதத்தை நிர்வாகத்திடம் தாராளமாகக் காட்டுங்கள், உங்கள் வேலை உங்களுக்குத் திரும்பக் கிடைக்க வேண்டும். அவளுக்கு மட்டும் நானே சொல்லிக்கொள்கிறேன். உடம்பு தேறட்டும்.

போன வாரம், "என்னை அம்மா வீட்டுல கொண்டுபோய் விட்டுடுங்க" என்றாள். "மூணு மாடி இறங்கணுமேம்மா, இந்தக் காலை வச்சுக்கிட்டு எப்படி?" என்றேன். காலைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் கோபப்படவே இல்லை. கட்டின மனைவியை விழுந்துவிடுவாளோ என்று இப்படிப் பொத்திப் பொத்திப் பார்த்துக்கொள்கிற புருஷன் எத்தனை பேருக்குக் கிடைப்பான், நீங்களே சொல்லுங்கள்.